கடை இருக்கும் தூரத்தில் மருந்தும் வேண்டும்

விருதுநகர் மாவட்டத்தில் 'மருந்து' என்ற சொல்லுக்கு அர்த்தம் பல. பட்டாசு ஆலைக்குப் போகிறவருக்கு அது வெடிமருந்து. கல்குவாரிக்குப் போகிறவருக்குப் பாறையைப் பிளக்கிற மருந்து. காட்டு வேலைக்குப் போகிறவருக்குப் பூச்சிமருந்து. இந்த மூன்றையும் அன்றாடம் கையில் தொட்டுப் பிழைக்கிறவர்கள் எங்கள் தெருக்களில் ஏராளம். 2024 மே 1 அன்று, உழைப்பாளர் தினத்தில், காரியாபட்டி அருகே ஆவியூர் பக்கம் கல்குவாரி வெடிமருந்துக் கிடங்கு வெடித்துத் தொழிலாளர்கள் சிதறிப்போனதை நாங்கள் மறக்கவில்லை.

இன்று நாங்கள் கேட்பது நான்காவதாக ஒரு மருந்து. குடிக்கும் போதைக்கும் அடிமைப்பட்ட உடம்பை மீட்கும் மருந்து. அது உலகத்தில் இருக்கிறது. இந்தியாவிலும் இருக்கிறது. எங்கள் தெருவுக்குத்தான் இன்னும் வந்து சேரவில்லை.

எங்கள் தெருவில் ஓர் அண்ணன். கையாளாகத் தொடங்கிக் கொத்தனார் ஆனவர். அவர் பூச்சு வேலை பார்த்த சுவர்களை இன்றைக்கும் காட்டிப் பேசுவோம். பதினைந்து வருடக் குடி. ஓர் ஆடி மாதம் கோயிலில் கயிறு கட்டிக்கொண்டு அன்றோடு நிறுத்தினார். முதல் நாள் கை நடுங்கியது. இரண்டாம் நாள் வலிப்பு வந்தது. மூன்றாம் நாள் இரவு, சுவரில் பூச்சி ஊர்கிறது என்று சொல்லி விடிய விடியத் தட்டிக்கொண்டே இருந்தார். சாமி குத்தம் என்றார்கள் சிலர். காத்துக் கருப்பு என்றார்கள் சிலர். கடைசியில் 108 வந்து மதுரைக்குக் கொண்டுபோனது. இரண்டு வாரம் படுக்கை. பிழைத்து வந்தார்.

மாதாமாதம் வந்து மாத்திரை வாங்கிக்கொள்ளச் சொல்லி அனுப்பினார்கள். ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலி போகும்; பஸ் காசு தனி; வரிசையில் நின்று திரும்பினால் சாயங்காலம். கூடப் போகிற மதினிக்கும் சித்தாள் கூலி போய்விடும். நாலு மாதம் போனார்கள். பிறகு நின்றுபோனது. பொங்கலுக்குள் அண்ணன் மறுபடியும் கடை வாசலில். ஏன் விட்டீர்கள் என்று கேட்டதற்கு மதினி சொன்னது இதுதான்: "கட கூப்புடு தூரத்துல இருக்கு. ஆசுபத்திரி மதுரையில இருக்கு. நான் எத்தன நாளு இழுத்துக்கிட்டுப் போவேன்?"

கடை இருக்கும் தூரத்தில் மருந்தும் இருக்க வேண்டும். மதினி கேட்டதும் அதுதான், நாங்கள் கேட்பதும் அதுதான்.

குடியை விடுவது மன உறுதியைப் பொறுத்தது என்று நம்மவர்களே சொல்கிறோம். அண்ணனுக்கு மன உறுதி இல்லாமலா கயிறு கட்டினார்? பல வருடம் தினமும் குடித்த உடம்பு சாராயத்துக்குப் பழகிவிடுகிறது. திடீரென்று நிறுத்தினால் நரம்பு கட்டுக்கடங்காமல் போகிறது. நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை, வலிப்பு, இல்லாததைக் காண்பது எல்லாமே அதன் அறிகுறிகள். கவனிக்காவிட்டால் உயிர்கூடப் போகும். மருத்துவர் மேற்பார்வையில் சில நாள் மாத்திரையும் வைட்டமின் பி-1 ஊசியும் கொடுத்தால் பெரும்பாலோர் இந்தக் கட்டத்தைத் தாண்டிவிடலாம். அதற்குப் பிறகு குடிக்கும் ஆசையைக் குறைக்க நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் போன்ற மாத்திரைகள் உள்ளன. இந்த இரண்டையும் உலகச் சுகாதார நிறுவனம் 2023-ல் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்தது.

இந்த வழி முதலில் தெளிவானது வேறொரு போதையில். 1960-களில் நியூயார்க் நகரில் ஹெராயின் ஊசிக்கு அடிமையானவர்களைச் சிறையில் போடுவதும் வெளியே விடுவதுமாக இருந்தார்கள். வின்சென்ட் டோல், மேரி நைஸ்வாண்டர் என்ற இரண்டு மருத்துவர்கள் மெத்தடோன் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்து, 1965-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். மெத்தடோனும் அபின் வகையோடு சேர்ந்ததுதான். ஆனால் வாய்வழியாகச் சரியான அளவில் கொடுத்தால் ஒரு நாள் முழுக்க மெதுவாக வேலை செய்யும். போதை தலைக்கேறாது, உடம்பு முறுக்காது, ஊசி தேடி ஓடவைக்காது. அந்த மனிதர் வேலைக்குப் போகலாம், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடலாம். புப்ரெனார்ஃபின் என்ற இன்னொரு மருந்து, நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை. இரண்டையும் 2005-லேயே உலகச் சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துகள் ஆக்கியது.

ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதையா என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். மெத்தடோன் விளையாட்டுச் சாமான் அல்ல. அளவு மீறினால் ஆளைக் கொல்லும். அதனால்தான் மருத்துவமனையில், பார்வையிலேயே கொடுக்கிறார்கள். ஆனால் திருட்டு ஊசிக்கும் அளந்து கொடுக்கும் மருந்துக்கும் உள்ள வித்தியாசம் பெரியது. ஒருவரைச் சாவிலிருந்தும் எச்.ஐ.வி.யிலிருந்தும் சிறையிலிருந்தும் விலக்கி வைக்கிற மருந்தை, ரத்த அழுத்த மாத்திரை போல வருடக்கணக்கில் சாப்பிட்டால் என்ன குறை?

இந்தியாவில் எச்.ஐ.வி. தடுப்பின் ஒரு பகுதியாக, ஊசி போட்டுக்கொள்கிறவர்களுக்கு அரசு மையங்களில் புப்ரெனார்ஃபின் கொடுக்கப்படுகிறது. மெத்தடோன் 2012-ல் ஒருசில மையங்களில் முன்னோட்டமாக வந்தது. 2014-ல் போதைப்பொருள் சட்டத்தைத் திருத்தி, மறு ஆண்டே மெத்தடோனை 'அத்தியாவசிய' வகை மருந்துகளில் சேர்த்தார்கள். சட்டம் வழிவிட்டுவிட்டது. ஆனால் தினமும் வந்து வாங்க வேண்டிய மருந்து தொலைவில் இருந்தால் கூலிக்காரனுக்கு அது இல்லாததற்குச் சமம்.

இதைப் புரிந்துகொண்ட இடங்கள் உண்டு. ஹாங்காங்கில் 1970-களிலிருந்து மெத்தடோன் மருந்தகங்கள் நடக்கின்றன. வேலைக்குப் போகிறவர்களுக்காக மாலையிலும் திறந்திருக்கும். ஒரு முறைக்கு அந்த ஊர்க் காசில் ஒரே ஒரு டாலர். நம் நாட்டிலேயே பஞ்சாப் 2017 அக்டோபரில் மூன்று மாவட்டங்களில் புறநோயாளர் மருந்தகங்களைத் தொடங்கி, பிறகு மாநிலம் முழுக்க விரித்தது. கொரோனா காலத்தில் பல நாள் மாத்திரையைச் சேர்த்துக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். தமிழ்நாட்டிலும் முன்மாதிரி உண்டு. சாந்தி ரங்கநாதன் 1980-ல் சென்னையில் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை, திருவாரூர் மாவட்டம் மஞ்சக்குடியில் கிராமத்துக்கே போய் முகாம் போட்டுக் குடிநோயாளிகளுக்குச் சிகிச்சை கொடுத்தது. ஊர்க்காரர்களையும் குடும்பத்தையும் சேர்த்துக்கொண்டு செய்தது. ஆக, கிராமத்தில் முடியாது என்று யாரும் சொல்ல முடியாது.

ஹெராயின் நம் ஊர்ப் பிரச்சினையா என்று கேட்கலாம். ஹெராயின் இல்லாமல் இருக்கலாம். ஆனால் வலி நிவாரணி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றுகிற பழக்கம் தமிழ்நாட்டு இளைஞர்களிடம் பரவியிருக்கிறது. டேபென்டடால் மாத்திரை விற்றதாகக் கைது என்ற செய்தி இந்தப் பக்கங்களில் வராத மாதம் குறைவு. அதுவும் அபின் வகையோடு சேர்ந்த மருந்துதான். ஒரே ஊசியைப் பத்துப் பேர் போட்டால் எச்.ஐ.வி.யும் மஞ்சள் காமாலைக் கிருமியும் கூடவே வரும். விற்றவனைப் பிடிக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. பழகிப்போன பையனுக்கு என்ன வழி? அவனுக்கும் புப்ரெனார்ஃபின் போன்ற சிகிச்சை பொருந்துமா என்று பார்த்துச் சொல்ல ஒரு மருத்துவர் வேண்டாமா? கஞ்சாவுக்கு இப்படி மாற்று மருந்து கிடையாது; அதற்குப் பேசிப் பழக்கும் ஆலோசகர் வேண்டும். அவருக்கும் ஓர் இடமும் நேரமும் வேண்டும்.

நேரம் என்றதும் ஒரு கணக்கு. அரசு மருத்துவமனையில் புறநோயாளர் பிரிவு காலை நேரத்தோடு முடிந்துவிடும். டாஸ்மாக் கடை பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடும். விடிகாலையில் வேனேறிப் பட்டாசு ஆலைக்கோ, கட்டட வேலைக்கோ போகிறவர் திரும்பி வரும்போது எது மூடியிருக்கும், எது திறந்திருக்கும்? அரசாங்கமே நடத்துகிற இரண்டு நிறுவனங்களில் ஒன்று கூலிக்காரனின் நேரத்தைத் தெரிந்து வைத்திருக்கிறது. இன்னொன்று தெரிந்துகொள்ளவில்லை.

பணக் கணக்கையும் பார்ப்போம். டாஸ்மாக் மூலம் அரசுக்கு 2023-24-ல் வந்தது 45,855 கோடி ரூபாய். 2024-25-ல் 48,344 கோடி. இன்னொரு பக்கம், டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனை நடத்திய தேசிய ஆய்வு 2019-ல் வெளியானது. குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சையைப் பார்த்திருக்கிறார் என்றது அது. உள்நோயாளியாகச் சேர்ந்தவர் 180 பேருக்கு ஒருவர். 2025-ல் தமிழக அரசு 'கலங்கரை' என்ற பெயரில் 25 போதை மீட்பு மையங்களை அரசு மருத்துவமனைகளில் தொடங்கியது. வரவேற்கிறோம். ஆனால் கடைகள் 4,800 அளவில் இருக்கும் மாநிலத்தில் மையங்கள் 25 என்றால், எங்கள் மதினியின் கேள்வி அப்படியேதான் நிற்கிறது.

இதைத் தலித் பிரச்சினையாக ஏன் பேச வேண்டும்? எல்லாச் சாதியிலும்தான் குடிக்கிறார்கள். உண்மை. ஆனால் எங்கள் தெருவில் ஒருவர் குடித்தால் தெருவுக்கே பெயர் வைக்கிறார்கள். வசதியுள்ள வீட்டில் ஒருவர் குடித்தால் 'காய்ச்சல்' என்று சொல்லித் தனியார் மருத்துவமனையில் பத்து நாள் சேர்த்துவிடுகிறார்கள். சாக்கடைக்குள் இறங்கச் சொல்கிற வேலையை ஒரு சாதியின் தலையில் கட்டிவிட்டு, நாற்றம் தாங்காமல் அவர் குடித்துவிட்டு இறங்கினால் குடிகாரன் என்று ஏசுகிறார்கள். வேலைத்தளத்தில் விபத்து நடந்தால், பாதுகாப்பு விதியை முதலாளி மீறினாரா என்று விசாரிப்பதற்குள், 'ஆள் குடித்திருந்தானாம்' என்ற பேச்சு கிளம்பிவிடுகிறது. நடுங்கும் கையோடு மருந்து செலுத்துவது ஆபத்துதான். அந்த நடுக்கத்துக்குச் சிகிச்சை கொடுக்காமல் ஆளைக் குற்றம் சொல்வது அதைவிடப் பெரிய தவறு.

எங்கள் முன்னோர் இதை மறைத்துப் பேசியவர்கள் அல்ல. அயோத்திதாசப் பண்டிதர் பௌத்தத்தின் பஞ்சசீலத்தை முன்வைத்தபோது, மயக்கும் பொருளை விலக்குவதும் அதில் ஒன்றாக இருந்தது. 1956-ல் நாக்பூரில் அண்ணல் அம்பேத்கர் மக்களுக்குச் சொல்லிக்கொடுத்த உறுதிமொழிகளில் மது அருந்த மாட்டேன் என்பதும் ஒன்று. 2024 அக்டோபர் 2 அன்று உளுந்தூர்பேட்டையில் விடுதலைச் சிறுத்தைகள் நடத்திய மகளிர் மாநாட்டின் பொருளும் மது, போதைப்பொருள் ஒழிப்புதான். எங்கள் பெண்கள் கடையை மூடச் சொல்லிப் போராடுவது நியாயம். நாங்களும் அவர்களோடுதான் நிற்கிறோம்.

ஆனால் கடையை மூடுவதோடு வேலை முடிவதில்லை. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது தமிழ்நாட்டில் ஒரே நாளில் எல்லாக் கடையும் மூடப்பட்டது. என்ன நடந்தது? வார்னிஷைக் குடித்துச் செத்தார்கள். முகச்சவரத்துக்குப் பின் தடவும் திரவத்தைக் குளிர்பானத்தில் கலந்து குடித்துச் செத்தார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்துக்கு 65-க்கும் மேற்பட்டோர் பலியானார்கள். அவர்களில் பலர் எங்கள் மக்கள், கூலித் தொழிலாளர்கள். அரசு 10 லட்சம் ரூபாய் நிவாரணம் கொடுத்தது. ஆயுள் தண்டனை வரை கொடுக்கும்படி சட்டத்தைத் திருத்தியது. செத்த பிறகு 10 லட்சம் கொடுக்க முடிந்த அரசுக்கு, உயிரோடு இருக்கும்போது மாத்திரை கொடுக்க முடியாதா? நாளைக்கே பூரண மதுவிலக்கு வந்தாலும், அன்று இரவே எத்தனையோ வீடுகளில் கை நடுங்கத் தொடங்கும். மதுவிலக்கைக் கேட்கிறவர்கள் அதற்கும் முன்னால் சிகிச்சையைக் கேட்க வேண்டும்.

சிகிச்சை இல்லாத இடத்தில் வியாபாரம் வந்துவிடுகிறது. 'குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம்' என்ற பொடி விளம்பரம் எல்லாப் பஸ் ஸ்டாண்டுச் சுவரிலும் உண்டு. அதில் என்ன கலந்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? டைசல்ஃபிராம் என்ற மருந்தைச் சாப்பிட்டவர் அதன்மேல் குடித்தால் வாந்தி, படபடப்பு, ரத்த அழுத்தம் இறங்கி உயிராபத்துகூட வரலாம். அவருக்குத் தெரியாமல் கொடுப்பது விஷம் வைப்பது போலத்தான். இன்னொரு பக்கம் 'மறுவாழ்வு இல்லம்'. எங்கள் உறவுக்காரப் பையன் ஒருவனை நகையை அடகு வைத்துச் சேர்த்தோம். மூன்று மாதம் பார்க்க விடவில்லை. திரும்பி வந்தவன் முதுகில் தழும்பு. எல்லா இல்லமும் அப்படி அல்ல. ஆனால் 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி இப்படிப்பட்ட இல்லங்கள் பதிவு பெற்றிருக்க வேண்டும். எந்த இல்லம் பதிவு பெற்றது என்ற பட்டியலை மாவட்ட நிர்வாகம் ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டினாலே பாதிப் பேர் ஏமாற மாட்டோம்.

காவல் நிலையத்திலும் ஒரு பலகை வேண்டும். போதைப்பொருள் சட்டத்தின் 64-ஏ பிரிவு, சிறிய அளவில் வைத்திருந்ததாகவோ பயன்படுத்தியதாகவோ வழக்கில் சிக்கிய அடிமைப்பட்ட ஒருவர் தானே முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சிகிச்சை எடுத்தால் வழக்கிலிருந்து பாதுகாப்புத் தருகிறது. 39-வது பிரிவில் நீதிமன்றமே தண்டனைக்குப் பதில் சிகிச்சைக்கு அனுப்ப இடம் உண்டு. எங்கள் பையன்களில் யாருக்காவது இது தெரியுமா? 'கஞ்சா வேட்டை' என்று வந்தால் முதலில் சோதனை போடுவது எங்கள் தெருவைத்தான். ஒரு வழக்கு விழுந்தால் போலீஸ் சரிபார்ப்பு கேட்கிற எந்த வேலையும் அவனுக்குக் கிடைக்காது. பிறகு போதையை விட அவனுக்கு என்ன காரணம் இருக்கும்?

ஆகவே நாங்கள் கேட்பது இதுதான். காரியாபட்டி அரசு மருத்துவமனையில் வாரத்தில் சில நாட்களாவது மாலை நேரப் போதை மீட்புப் பிரிவு வேண்டும். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவரும் ஓர் ஆலோசகரும் அதில் இருக்க வேண்டும். குடியை விடுவதற்கான மாத்திரைகள் அங்கேயே தீராமல் இருப்பில் இருக்க வேண்டும். அபின் வகை மாத்திரைக்கு அடிமையானவர்களுக்கு, 2022-ல் திறந்த விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் புப்ரெனார்ஃபின் கிடைக்க வேண்டும். தேவைப்படுகிறவர்களுக்கு மெத்தடோனும் கிடைக்கும்படி செய்ய வேண்டும். 'மக்களைத் தேடி மருத்துவம்' என்று 2021-லிருந்து சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீட்டு வாசலில் மாத்திரை கொடுக்கிற அரசு இது. காசநோய்க்கு நேரில் நின்று மாத்திரை விழுங்க வைத்த அனுபவமும் நமக்கு உண்டு. அதே பணியாளர்கள் தொடர்கவனிப்பையும் பார்க்கலாம். அதற்குரிய பயிற்சியையும் ஊதியத்தையும் கொடுத்துவிட்டு. பட்டாசு ஆலைத் தொழிலாளர்களுக்குச் சிவகாசி இ.எஸ்.ஐ. மருத்துவமனையிலும் இந்தச் சிகிச்சை வேண்டும். சிகிச்சைக்குப் போனதற்காக யாரையும் வேலையிலிருந்து நிறுத்தக் கூடாது.

இதற்குப் பணம்? பட்டியல் சாதியினருக்கான துணைத்திட்ட நிதியில் கை வைக்க வேண்டாம். அந்த நிதியை வேறு வேலைக்குத் திருப்புவதைத் தடுக்கத்தான் 2024-ல் தனிச் சட்டமே வந்தது. எங்கள் சட்டைப்பையிலிருந்து எடுத்ததையே எங்களுக்குச் செலவு செய்யுங்கள். டாஸ்மாக் வருவாயில் 100 ரூபாய்க்கு ஒரு ரூபாய் ஒதுக்கினால் போதும். வருடத்துக்கு 480 கோடி ரூபாய்க்கு மேல் வரும்.

நம் மக்களுக்கும் ஒரு வார்த்தை. கயிறு கட்டுவதைக் குறை சொல்லவில்லை. அந்த நம்பிக்கை எத்தனையோ பேரைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் தினமும் குடிக்கிறவர் கயிறு கட்டும் முன் ஒருமுறை மருத்துவரைப் பார்க்கட்டும். நிறுத்திய பிறகு நடுக்கமோ வலிப்போ உளறலோ வந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். போதை மீட்பு ஆலோசனைக்கு 14446, மன நல ஆலோசனைக்கு 14416 என்ற இலவச எண்கள் இருக்கின்றன. அவரைக் குடிகாரன் என்று பிள்ளைகள் முன்னால் கூப்பிடாதீர்கள். மறுபடி குடித்துவிட்டால் எல்லாம் போச்சு என்று விடாதீர்கள். சர்க்கரை ஏறிவிட்டால் மாத்திரையை நிறுத்திவிடுவோமா?

அக்டோபர் 2 அன்று டாஸ்மாக் கடைக்கு விடுமுறை. அன்றுதான் ஊராட்சிகளில் கிராமசபையும் கூடுகிறது. கடையை மூடு என்ற தீர்மானத்தைப் பல ஊர்கள் பலமுறை எழுதியிருக்கின்றன. இந்த முறை அதன் கீழேயே இன்னொரு வரி எழுதுவோம்: குடிநோய்க்குச் சிகிச்சை எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில், வேலை முடிந்து வரும் நேரத்தில் வேண்டும். எழுதிக் கையெழுத்துப் போட்டு நகல் வாங்கிக்கொள்வோம். அண்ணன் இன்னும் உயிரோடுதான் இருக்கிறார். மதினி இன்னும் இழுத்துக்கொண்டுபோகத் தயாராகத்தான் இருக்கிறார். தூரத்தைக் குறைத்துக் கொடுத்தால் போதும்.